பேர்கனோடு கதைக்கும்போது மட்டும்

தர்மலிங்கத்தாரின் மடிக்கணினி நல்ல சுபாவமுள்ளது. காலையில் அவர் ஊர்ச் செய்திகளை ஒன்றுவிடாமல் வாசித்து முடிக்கும்வரை முணுமுணுப்பில்லாமல் இருக்கும். வேலையில்லாத நாட்களில், மத்தியானத்தில் மனைவி சத்தியபாமா ஏதாவதொரு கோயில் தேர்த்திருவிழாவை ஓடவிட்டு, நாதசுரத்தைக் கேட்டபடியே வெங்காயம் உரிப்பாள். அப்போதும் அதற்கு ஒன்றும் ஆகாது. பேர்கன் நகரத்துக்காரரோடு கதைக்க உட்கார்ந்தால் மட்டும் வருத்தம் வந்துவிடும். முதலில் உள்ளேயிருக்கும் காற்றாடி இரையும். பிறகு படம் தயங்கும். பிறகு திரை முழுதும் நீலமாகி, வாயைக் கீழே வளைத்த ஒரு முகக்குறி தோன்றும். கணினிக்கு ஏதோ சிக்கல் வந்துவிட்டது என்று அதன் கீழே நோர்வேஜிய மொழியில் ஒரு வரி எழுதியிருக்கும்.

அந்த முகக்குறியைத் தர்மலிங்கத்தாருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு சம்பந்தம் கதைக்கிற இடத்தில், தன் வீட்டுச் சாமானே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதை எந்த மனிதன்தான் பொறுப்பான்?

அவர்கள் இருந்தது ஒஸ்லோவின் அம்மருட்டில், உயர்ந்த கட்டடமொன்றின் மேல்மாடியில். மார்ச் மாதம். பகலில் பனி உருகி ஓடும். அடுத்த நாள் விடியும்போது பாதையெல்லாம் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். வழுக்காமலிருக்கத் தூவிய சிறுகற்கள் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்துவிடும். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை முடித்து வரும் சத்தியபாமா, கோட்டைக் கழற்றியதும் முதலில் அந்தக் கற்களைத்தான் கூட்டி அள்ளுவாள். நாள் முழுதும் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி மடித்த கைகள் அவளுடையவை. வீட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியாது.

தர்மலிங்கத்தார் ஓய்வுபெற்றுவிட்டார். அகதியாக வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றவர். பனித்தண்ணீரில் விறைத்த கொட் மீன்கள் ஓடும் பட்டியில் வந்தபடியே இருக்கும். கத்தியை முள்ளோடு ஒட்டப் பிடித்து ஒரே இழுவையில் சதையைப் பிரிக்க வேண்டும். விரல் எங்கே முடிகிறது, மீன் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத குளிர். இடைவேளையில் மற்றவர்கள் பெட்டிகளின்மேல் குந்துவார்கள். இவர் நிற்பார். “குனிஞ்சு பழகினால் பிறகு நிமிர ஏலாது” என்பார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் பெரிய பெரிய பாத்திரங்கள் கழுவியபோதும், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கும். கோயிலிலும் சங்கத்திலும் அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை இருந்தது. யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. ஆனால் அதில் வேறு யாரும் உட்காருவதுமில்லை.

அந்தக் கதிரைக்கு இழுக்கு வந்தது மகன் லதீசனால். அப்படித்தான் அவர் நினைத்தார். லதீசன் ட்ராம் ஓட்டுகிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தொழில் தொழில்தான். ஆனால் ஒஸ்லோவிலேயே, ஹவுகெட்டோவில் எம்மா என்ற நோர்வேப் பெண்ணோடு, தாலியும் இல்லாமல் பதிவும் இல்லாமல், ஒரே வீட்டில் இருந்தான். இந்த நாட்டில் அதற்குச் சம்பூர் என்று ஒரு பெயர் உண்டு. நாலு பேர் முன்னால் கூசாமல் சொல்வார்கள். அந்தச் சொல் தர்மலிங்கத்தாரின் வாயில் வராது. ஒரு பெண்பிள்ளையும் பிறந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. சத்தியபாமா போய்ப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும். சில நாட்களில் அவள் பிந்தி வருவாள், அவளுடைய சால்வையில் குழந்தைப் பவுடர் மணக்கும். அவர் கேட்கமாட்டார். அவள் சொல்லமாட்டாள். அந்த வீட்டில் அது ஓர் ஒழுங்காகவே ஆகிவிட்டது.

மகள் யதுர்ஷா அப்படியில்லை. பேர்கனில் தாதிமைப் படிப்புப் படித்தபோது நிதுசனைச் சந்தித்தாள்; படித்து முடித்து இப்போது ஒஸ்லோ ஆஸ்பத்திரியொன்றில் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் பெற்றோரிடம் வந்தார்கள். ஆனாலும் முறையென்று ஒன்று இருக்கிறதே! பெரியவர்கள் கதைத்து முற்றாக்கினால்தான் அது கலியாணம். பேச்சுக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் பேர்கனிலிருந்து மலை தாண்டி வர முடியாதபடி பனி கொட்டியதால், சனிக்கிழமைகளில் கணினி முன்னால் உட்கார்ந்து கதைப்பதென்று முடிவாயிற்று.

முதல் நாள், சுகம் விசாரித்து முடிந்ததுமே நிதுசனின் தகப்பன் பிலேந்திரன் சாதாரணமாகக் கேட்டார்.

“அண்ணைக்குப் பிள்ளையள் எத்தினை?”

“ஒண்டு. யதுர்ஷா மட்டுந்தான்.”

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. படத்தில் விழாத இடத்தில் தேநீர்த் தட்டோடு நின்ற சத்தியபாமா, தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். ஒரு கோப்பைகூடச் சத்தமிடவில்லை.

கதைத்து முடிந்த பிறகு அவள் சொன்னாள்: “ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லிப்போட்டு? மூத்தவர் என்ன செய்யிறார், கலியாணம் முடிஞ்சுதோ எண்டு அடுத்த கேள்வி வருமே. அதுக்கு ஆர் பதில் சொல்லுறது? நீயே?”

“இப்ப எத்தினை வீட்டிலை அப்பிடித்தானே.”

“எத்தினை வீடும் வேறை. இந்த வீடு வேறை. பெட்டையின்ரை காரியம் முடியட்டும்.”

“பெத்தது நான்,” என்றாள் சத்தியபாமா. “எண்ணிக்கையிலை எனக்குப் பிழை வராது.”

அவள் இன்னுமொரு விசயத்தையும் கவனித்திருந்தாள். வெறும் மேசையில் வைத்த கணினி தர்மலிங்கத்தாரைக் கீழேயிருந்து பார்த்தது. பேர்கனுக்குப் போன படத்தில் அவருடைய மூக்குத் துவாரங்களும் கூரை விளக்குந்தான் பெரிதாகத் தெரிந்தன. சுவரிலிருந்த முருகன் படம் தெரியவேயில்லை. அடுத்த சனிக்கிழமை, சோபாவிலிருந்த கொழுத்த தலையணையை மேசையில் வைத்து, அதன்மேல் நல்ல நாளில் மட்டும் விரிக்கும் சிவப்பு வெல்வெட் துணியைப் போட்டு, அதன்மேல் கணினியைக் குடியேற்றினாள். நல்ல காரியம் கதைக்கிற சாமானை வெறும் மரத்தில் வைப்பதா? இப்போது தர்மலிங்கத்தாரின் முகமும் முருகனும் ஒன்றாகத் தெரிந்தார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

அன்று பிலேந்திரன் சுகம் விசாரித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். பேர்கனில் நல்ல முருங்கைக்காய் கிடைப்பதில்லை என்று அவருடைய மனைவி குறைப்பட்டாள். எல்லாம் முடிந்த பிறகு பிலேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“ஒண்டு கேட்டால் குறை நினைக்கமாட்டியளே அண்ணை? உங்கடை படத்துக்குக் கீழை லதீசன் எண்டு எழுதிக் கிடக்கு. அது ஆர்?”

அந்தக் கணினி லதீசன் தனக்கென்று வாங்கி, வீட்டை விட்டுப் போகும்போது விட்டுப்போனது. அதில் அவன் கொடுத்த பெயர் அப்படியே இருந்திருக்கிறது. தர்மலிங்கத்தார் வாயைத் திறந்தார். காற்றாடி இரைந்தது. திரை நீலமானது.

அவருக்கு ஒரு கணம் நெஞ்சு ஆறியது. அப்படி ஆறியதை நினைத்துப் பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமையும் அப்படியே. சுகம், மழை, சாப்பாடு, “அண்டைக்குக் கேட்டனான், பதில் வரமுதல் நிண்டு போச்சுது” என்று பிலேந்திரன் தொடங்கினார், நீலம்.

ஆஸ்பத்திரி வேலை முடித்து வந்த யதுர்ஷா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அப்பா, நிதுசன்ரை அம்மா கேக்கிறாவாம், நாங்கள் வேணுமெண்டு நிப்பாட்டுறமோ எண்டு.”

“ஆர் நிப்பாட்டினது? அதுவா விழுது.”

“எனக்கு விளங்குது. அவைக்கு விளங்கோணுமே! இன்னுமொருக்கா இப்பிடி நடந்தால், எங்களுக்கு விருப்பமில்லை எண்டுதான் அவை நினைப்பினம். எனக்கு ஒவ்வொரு சனியும் ஆஸ்பத்திரியிலை வாக்த். வேலையிலை நிண்டுகொண்டு உங்களைத்தான் நம்பியிருக்கிறன்.”

மகள் அப்படிச் சொன்னது தர்மலிங்கத்தாரை உறுத்தியது. அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். வயரைக் கழற்றிப் பூட்டினார். இணைய இணைப்புக் கொடுப்பவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, வரிசையில் காத்திருந்து, நிமிர்ந்த நோர்வேஜியத்தில் முறையிட்டார். இணைப்பில் பிழையில்லை என்றார்கள். “பேர்கனிலை எந்த நேரமும் மழை. அங்கையிருந்து ஏதோ ஈரம் வருது போலை” என்று மனைவியிடம் சொன்னார். சத்தியபாமா கண்ணூறு என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துக் கணினியைச் சுற்றிப் போட்டாள்.

கடைசியில், கீழ்மாடியில் குடியிருந்த சந்திரசேகரனை மின்தூக்கியில் மறித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர்; கணினித் துறையில் வேலை.

“எங்கடை லப்டொப் அடிக்கடி விழுது தம்பி.”

“அய்யய்யோ, கீழ விழுந்துச்சா? ஸ்கிரீன் உடைஞ்சிருச்சா சார்?”

“கீழை விழேல்லை. மேசையிலை இருந்தபடியே விழுது.”

சந்திரசேகரனுக்கு அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. வந்து பார்த்தார். சமையலறை மேசையில் கணினியை வைத்து, என்னென்னவோ சோதனையெல்லாம் ஓடவிட்டார். அது ஒரு பிள்ளைப்பூச்சிபோல இருந்தது.

“லேப்டாப் சூப்பரா இருக்கே சார். வைரஸ் கூட இல்ல. அப்போ நீங்க பேசும்போது மட்டுந்தான் இப்படி ஆகுதா?”

தர்மலிங்கத்தாரின் முதுகு விறைத்தது. யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் ஏசுவது.

“நான் அவையை ஒண்டும் பேசேல்லை. மரியாதையாத்தான் கதைச்சனான்.”

சந்திரசேகரன் விழித்தார். தேநீரைக் குடித்துவிட்டு, தான் என்ன தவறாகச் சொன்னோம் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் யதுர்ஷா வேலைக்குப் புறப்படும்போது கதவடியில் நின்று சொன்னாள்: “அண்ணாட்டைச் சொல்லியிருக்கிறன். இப்ப வருவார். அவற்றை கொம்ப்யூட்டர்தானே, அவருக்குத் தெரியும். அப்பா, பிளீஸ். எனக்காக.” பதில் வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

சத்தியபாமா ஏற்கெனவே புட்டவித்து, மீன் குழம்பு கூட்டி வைத்திருந்தாள். முருங்கைக்காயும் கிடந்தது. இன்று யார் வருவதென்று அந்த வீட்டில் தனக்கு மட்டுந்தான் தெரியாது என்பது தர்மலிங்கத்தாருக்கு அப்போதுதான் விளங்கியது.

லதீசன் வந்தான். வாசலில் நின்று சப்பாத்திலிருந்த கற்களைத் தட்டினான். தாடி வைத்திருந்தான், அது தர்மலிங்கத்தாருக்குப் புதிது. “எப்பிடி அப்பா?” என்றான். “இருக்கிறம்” என்றார் அவர். அவன் கணினி முன்னால் உட்கார்ந்தான். அவர் பலகணிக் கதவடியில் நின்றார்.

“எப்ப விழுது?”

“பேர்கனோடை கதைக்கேக்கை.”

“மற்ற நேரம்?”

“இல்லை.”

“தொடங்கின உடனையோ, கொஞ்ச நேரம் போயோ?”

“கொஞ்ச நேரம் போய்.”

“அந்த நேரம் என்ன நடக்குது? ஏதாவது அமத்துறனீங்களோ?”

தர்மலிங்கத்தார் வெளியே பார்த்தார். கீழே யாரோ கார்க் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டும் சத்தம் மேல்வரை கேட்டது.

“அவை கேள்வி கேக்கேக்கை விழுது,” என்றாள் சத்தியபாமா, சமையலறை வாசலிலிருந்து.

“என்ன கேள்வி?”

“பாமா,” என்றார் தர்மலிங்கத்தார்.

அவள் நிறுத்தவில்லை. “படத்துக்குக் கீழை உன்ரை பேர் கிடக்காம். அது ஆரெண்டு கேக்கினம். அப்பத்தான் விழுது.”

லதீசன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்: “ஆரெண்டு சொன்னனீங்கள்?”

“சொல்லமுதல் விழுந்திட்டுதே,” என்றார் தர்மலிங்கத்தார் அவசரமாக.

“முதல் நாளே சொல்லிப்போட்டார்,” என்றாள் சத்தியபாமா. “எங்களுக்குப் பிள்ளை ஒண்டு எண்டு.”

லதீசனின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே இருந்தன. அவன் கோபித்திருந்தால் தர்மலிங்கத்தார் திருப்பிக் கோபித்திருப்பார். அதற்கு அவரிடம் வேண்டிய சொற்கள் இருந்தன. அவன் கோபிக்கவில்லை.

“சரி,” என்றான். “எப்பிடி வைச்சுக் கதைக்கிறனீங்களோ அப்பிடியே வைச்சுக் காட்டுங்கோ.”

சத்தியபாமா தலையணையைக் கொண்டுவந்தாள். வெல்வெட்டை விரித்தாள். கணினியை அதன்மேல் வைத்தாள். அது உள்ளே அமிழ்ந்தது. லதீசன் அடியில் கையை விட்டுப் பார்த்தான். அடக்க முயன்றும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அம்மா, இது மூச்சு வாங்கிற ஓட்டையெல்லாம் அடியிலைதான். தலாணியிலை அமத்தி மூக்கைப் பொத்தி வைச்சிருக்கிறியள்.”

“நல்ல காரியம் கதைக்கிறதடா. வெறும் மேசையிலை வைக்கிறதே?”

“அதுதான். சுகம் கேட்டு, மழை கேட்டு, என்ன கறி எண்டு கேட்டு முடியிறதுக்கிடையிலை இதுக்குச் சூடேறிப் போகுது. விசயத்துக்கு வரேக்கை மூச்சு நிண்டிடும்.”

அவன் கணினியைக் கவிழ்த்து, துவாரங்களிலிருந்து சிவப்பு நூல்களைச் சிறு இடுக்கியால் எடுத்தான். பிறகு சமையலறைக்குப் போய், ஒரு பானையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பிரம்பு இடியப்பத் தட்டுகளை அடுக்கி, கணினியை ஏற்றினான். ஆவி போகப் பின்னிய தட்டு, காற்றும் போகும். உயரமும் சரியாக இருந்தது. முருகனும் தெரிந்தார்.

“இனி விழாது,” என்றான். பிறகு, எழும்பாமலே: “அப்பா, பேரையும் மாத்தி விடட்டோ?”

தர்மலிங்கத்தார் திரும்பவில்லை.

“என்ரை பேரை எடுத்துப்போட்டு உங்கடை பேரைப் போட்டு விடுறன். பிறகு ஒருத்தரும் கேக்கமாட்டினம். தங்கச்சியின்ரை காரியம் குழம்பக்கூடாது.”

வேண்டாம் என்று ஒரு சொல். மகன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறான் என்பது முதுகுப்புறத்திலேயே தெரிந்தது. மீன் பட்டியில் விரல் விறைத்து நின்ற நாட்களில்கூட ஒரு சொல் அவருக்கு இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

“செய்யிறதைச் செய்,” என்றார்.

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரந்தான். ஒரு பெயரை எடுக்க அவ்வளவு நேரம் போதும். சத்தியபாமா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. லதீசன் இருந்து சாப்பிடவில்லை. புட்டையும் குழம்பையும் அவள் பெட்டியில் கட்டிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டான். “போட்டுவாறன் அப்பா” என்றான். அவர் “ம்” என்றார்.

பின்னேரம் பேர்கன் வந்தது. தர்மலிங்கத்தார் கழுத்துவரை பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுகம் நடந்தது. மழை நடந்தது. பிலேந்திரனின் மனைவி முருங்கை இலைக்கு மாற்றாக எந்தக் கீரை வாங்கலாம் என்று கேட்டாள். கணினி சத்தமேயில்லாமல் இருந்தது.

“அப்ப அண்ணை, மண்டபத்தை எடுத்துப்போட்டால் மற்றதெல்லாம் சுகம்,” என்றார் பிலேந்திரன். “நாங்கள் பெடியன்ரை தங்கச்சியைத் தோழியா விடுறம். தோழனுக்கு உங்கடை பக்கம் ஆர் நிக்கிறது?”

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் பெண்ணின் சகோதரன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருபவன் அவன். கூடப் பிறந்தவன் இல்லாத வீட்டில்தான் வேறு ஆள் தேடுவார்கள்.

தர்மலிங்கத்தார் காற்றாடி இரையும் என்று காத்திருந்தார். இரையவில்லை. படம் தயங்கும் என்று பார்த்தார். பேர்கனின் இரண்டு முகங்களும் தெளிவாக, கண்ணிமை கொட்டுவதுகூடத் தெரியும்படி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மகன் கணினியை நன்றாகத்தான் திருத்தியிருந்தான்.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி, ஒரு கை மேசையிலிருந்து பாதி எழும்பியபடி, கண்ணை இமைக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

“அண்ணை? கேக்குதோ?”

அவர் அசையவில்லை.

“பழையபடி நிண்டிட்டுது போலை,” என்றாள் பிலேந்திரனின் மனைவி. “பாருங்கோ, வாயைத் திறந்தபடி நிக்கிறார், பாவம்.”

“விடும். திருப்பி வரும்.”

“நீங்களேனப்பா அந்தாளை அந்தரப்படுத்துறியள்? மகன்ரை கதை வந்தாலே அங்கை லைன் நிக்குது.”

“நான் அந்தரப்படுத்தேல்லை. ஒருக்கா தன்ரை வாயாலை சொல்லுவார் எண்டு பாக்கிறன். யதுர்ஷா கூட்டிக்கொண்டு போய், எங்கடை நிதுசன் அந்தப் பெடியன்ரை வீட்டிலை எத்தினை தரம் சாப்பிட்டவன்! தங்கமான பெடியன் எண்டு சொல்லுறான்.”

“அப்ப தெரியுந்தானே. பிறகேன் கேக்கிறது?”

“எனக்குப் பயமப்பா,” என்றார் பிலேந்திரன். குரலில் கோபம் இல்லை. “பெத்த மகனை இல்லையெண்டு சொல்லுற மனுசன். நாளைக்கு எங்கடை பெடியனிலை ஒரு பிழை கண்டால், அவனையும் இல்லையெண்டுதானே சொல்லுவார்?”

தர்மலிங்கத்தாருக்குக் கண் எரிந்தது. இமைக்கக்கூடாது என்று பிடித்து வைத்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. அதைத் துடைக்கவும் முடியாது.

சத்தியபாமா தேநீரோடு அறைக்குள் வந்தாள். வாய் திறந்து, கை அந்தரத்தில் நிற்க, கண்ணால் நீர் வடியக் கல்லாகியிருந்த கணவனைக் கண்டாள்.

“இஞ்சாருங்கோ! என்ன செய்யுது? ஐயோ, என்னப்பா!” கோப்பை கவிழ்ந்தது. அவள் ஓடிவந்து அவருடைய நெஞ்சைத் தடவினாள், கன்னத்தில் தட்டினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். “கதையுங்கோ! கையைத் தூக்குங்கோ பாப்பம்!”

“ஒண்டுமில்லை,” என்றார் அவர். “ஒண்டுமில்லை, விடு.”

மேசையிலிருந்து தேநீர் சொட்டியது. திரையில் பேர்கன்காரர் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். அவர்களுடைய லைனும் நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பிலேந்திரனின் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பிலேந்திரன்தான் வாய் திறந்தார்.

“ஆ, அண்ணை, இப்பத்தான் படம் வந்தது. எங்கடை பக்கத்துப் பிழை போலை. இஞ்சை ஒரே மழை.”

பெரிய மனசு. தலைக்குமேல் பிடித்த குடைபோல அந்தப் பொய்யை அவர் நீட்டினார். தர்மலிங்கத்தார் அதன்கீழ் போய் ஒதுங்கியிருக்கலாம். பிறகு யாரும் அதைப்பற்றிக் கதைக்கப்போவதில்லை. அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்துப் பொத்தான் இறுக்கியது. கழற்றினார்.

“இல்லைத் தம்பி,” என்றார். “லைன் நிக்கேல்லை. நான்தான் நிண்டனான்.”

பிலேந்திரன் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“எனக்குப் பிள்ளையள் ரெண்டு. மூத்தவன் லதீசன். ஹவுகெட்டோவிலை இருக்கிறான். ட்ராம் ஓடுறான். அவனுக்கொரு பெண்பிள்ளை இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “சம்பூர்,” என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. “தோழனுக்கு நிக்க வேண்டியவன் அவன்தான். வருவானோ தெரியாது.”

“கேட்டனீங்களோ அண்ணை?”

“இல்லை.”

“ஆர் கேக்கிறது?”

“நான்தான் கேக்கோணும்.”

“கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ,” என்றார் பிலேந்திரன். “அதுக்குப் பிறகு நாளைப் பாப்பம்.”

படம் அணைந்த பிறகும் தர்மலிங்கத்தார் எழும்பவில்லை. சத்தியபாமா துணியைக் கொண்டுவந்து மேசையைத் துடைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கோயில் ஐயர் இருந்தார். சங்கத் தலைவர் இருந்தார். பல் வைத்தியர் இருந்தார்.

“அவன்ரை வீட்டு நம்பர் உன்னட்டை இருக்கே?”

அவள் துடைப்பதை நிறுத்தாமலே மனப்பாடமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தமும், ஒரு குழந்தை கிலுகிலுவென்று சிரிப்பதும் கேட்டன. தர்மலிங்கத்தார் நாற்காலியில் நிமிர்ந்து, இந்த நாட்டு முறைப்படி முதலில் தன் பெயரைச் சொன்னார்.

“தர்மலிங்கம்.”

“எந்தத் தர்மலிங்கம் வேண்டும்?” என்று நோர்வேஜிய மொழியில் சிரித்தபடி கேட்டாள் எம்மா. “இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியவர் ட்ராமில். சின்னவள் இங்கே தொட்டிக்குள் இருந்து என்னை நனைக்கிறாள்.”

அவருக்கு உடனே விளங்கவில்லை. இங்கே தகப்பன் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிவிடும். பிறகு பிள்ளையின் பிள்ளைக்கும் அதுவே போகும். அது தெரியாதவரல்ல அவர். ஆனால் அந்த வீட்டுக் கதவின் பெயர்த்தகட்டிலும், அந்தக் குழந்தையின் பெயருக்குப் பின்னாலும் தான் இத்தனை காலம் இருந்துகொண்டிருக்கிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் கால் வைக்கமாட்டேன் என்ற வீட்டில் யாரோ அவருடைய பெயரைத் தினமும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“ஹலோ?” என்றாள் எம்மா. “யார் கதைக்கிறது?”

“லதீசனின் அப்பா,” என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. “யார்?” என்று மறுபடியும் கேட்டாள்.

தர்மலிங்கத்தார் எழுந்து நின்று, இன்னும் உரத்துச் சொன்னார்.